கலை, அறிவியல், நாட்டார் வழக்காறு: கிளை நூலகங்களுக்குச் சில நூல்கள்

(தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான வாசிப்பு வட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கட்சிக் கிளை அலுவலகம் ஒன்றின் நூல் அலமாரியைத் திறந்தால் என்ன இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மேல்தட்டில் மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின் தேர்வு நூல்கள். அடுத்த தட்டில் கட்சித் திட்டம், மாநாட்டுத் தீர்மானங்கள், அரசியல் ஸ்தாபன அறிக்கைகள். கீழ்த்தட்டில் நூல்கயிற்றால் கட்டிய பழைய வார இதழ்கள். இவை அனைத்தும் இருக்க வேண்டியவையே. ஆனால் ஓர் இளம் உறுப்பினர் வந்து, எங்கள் ஊர் அம்மன் யார், இந்தச் சுவரோவியத்தின் பொருள் என்ன, பழங்காலத்தில் விமானம் இருந்தது என்று கைப்பேசியில் வருகிறதே உண்மையா என்று கேட்டால், எடுத்துக் கொடுப்பதற்கு அந்த அலமாரியில் நூல் கிடையாது. கேட்டவர் வெறுங்கையோடு திரும்புவார். ஆனால் பதிலில்லாமல் இருந்துவிட மாட்டார். அவருக்கு வேறு எங்கிருந்தோ பதில் வந்து சேரும். கிராமத் தெய்வங்களுக்குப் புதிய தலபுராணம் எழுதிக் கொடுக்கவும், விஞ்ஞானத்தின் பெயரால் புராணம் சொல்லவும் ஆட்கள் முழுநேரமாக உழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நிலை எப்போதும் இருந்ததன்று. இந்திய இடதுசாரி இயக்கத்தின் உள்ளேயும் அதன் அருகிலும் இருந்தவர்கள் கலை, அறிவியல், நாட்டார் வழக்காறு ஆகிய மூன்று துறைகளிலும் முதல்தரமான நூல்களைத் தந்திருக்கிறார்கள். அவற்றுட் சிலவற்றை அறிமுகப்படுத்துவதே இவ்வுரையின் நோக்கம். முழுமையான பட்டியல் தருவது நோக்கமன்று. இந்நூல்களிற் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான ஓர் இயல்பு உண்டு. அவற்றை எழுதியவர்களும் வரைந்தவர்களும் நடந்தே சென்று, கண்ணால் கண்டு, கேட்டு அறிந்து பதிவுசெய்தவர்கள்.

முதலில் வார்லி மக்களைப் பற்றிய இரண்டு நூல்கள். இவற்றைத் தனித்தனியே படிப்பதைவிடச் சேர்த்துப் படிப்பது நல்லது.

வார்லி ஓவியத்தை இன்று பார்க்காதவர் இல்லை. செம்மண் நிறப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள், இரண்டு முக்கோணங்கள் முனையோடு முனை சேர்ந்து மனித உடலாகின்றன, வட்டம் தலையாகிறது, ஆணும் பெண்ணுமாகக் கைகோத்துச் சுழன்று ஆடுகிறார்கள். தலையணை உறை, காப்பிக் கோப்பை, விடுதிச் சுவர், வங்கி நாட்காட்டி என எங்கும் இது அச்சாகிறது. மகாராஷ்டிரத்தின் தாணே, பால்கர் பகுதிகளில், மும்பையிலிருந்து ரயிலில் சில மணி நேரத்தில் சென்றடையக்கூடிய தகாணு, தலாசரி வட்டாரங்களில் வாழும் ஆதிவாசி மக்களின் ஓவியம் இது. யசோதரா டால்மியா எழுதிய ‘வார்லிகளின் ஓவிய உலகம்’ என்னும் ஆங்கில நூலை லலித் கலா அகாதெமி 1988இல் வெளியிட்டது. இவ்வோவியம் வீட்டு அலங்காரத்துக்காகப் பிறந்ததன்று என்பதை அந்நூல் விளக்குகிறது. இது திருமணத்துக்கு உரியது. மணவீட்டின் உட்சுவரில் சாணமும் செம்மண்ணும் பூசி, அரிசிமாவைக் கரைத்து, ‘சௌக்’ எனப்படும் சதுரத்தை வரைவார்கள். அதன் நடுவே பால்கட் என்னும் தாய்த்தெய்வம் இடம்பெறுவாள். வரைபவர்கள் சுமங்கலிப் பெண்கள். சடங்கை நடத்துவதற்குப் பிராமணர் கிடையாது. ‘தவலேரி’ என அழைக்கப்படும் பெண்ணொருத்தி பாடிப் பாடியே திருமணத்தை நடத்தி முடிப்பாள். சௌக் வரையாமல் திருமணம் இல்லை.

இனி இரண்டாவது நூல். கோதாவரி பருலேகர் மராத்தியில் எழுதி 1970இல் வெளிவந்த ‘ஜேவ்ஹா மாணூஸ் ஜாகா ஹோதோ’. மனிதன் விழித்தெழும்போது என்பது இத்தலைப்பின் பொருள். 1972இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. பின்னர் ‘ஆதிவாசிகள் கிளர்ச்சி’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்திலும் வந்தது. சட்டம் படித்த, வசதியான குடும்பத்துப் பெண்ணான கோதாவரி, கிசான் சபாவின் ஊழியராக அந்தக் காடுகளுக்குள் சென்றார். வார்லிகளின் குடிசைகளில் தங்கி, அவர்கள் உண்டதையே உண்டு, அவர்களின் பேச்சுவழக்கைக் கற்றுக்கொண்டார். அவர் அங்கே கண்ட கொடுமைகளுள் ஒன்று ‘லக்னகடி’ என்னும் திருமண அடிமை முறை. திருமணச் செலவுக்காக நிலப்பிரபுவிடம் சிறு தொகை கடன் வாங்கிய வார்லி இளைஞன், அந்தக் கடனுக்காக வாழ்நாள் முழுதும் அவரிடம் உழைக்க வேண்டும். அவனோடு அவன் மனைவியும் உழைக்க வேண்டும். அவளுடைய உடலின் மீதும் தமக்கு உரிமை இருப்பதாகவே நிலப்பிரபுக்கள் கருதினர்.

இரண்டு நூல்களையும் அருகருகே வைத்தால்தான் ஒன்று புலப்படும். இரண்டும் பேசுவது ஒரே திருமணத்தைப் பற்றித்தான். சுவரில் வெள்ளை மாவால் பால்கட் தேவியை வரைந்து, தவலேரி பாட நடந்த அதே திருமணம்தான் நிலப்பிரபுவின் கணக்குப் புத்தகத்தில் ஓர் அடிமையையும் அவன் மனைவியையும் எழுதிச் சேர்த்தது. ஓவிய நூலை மட்டும் படித்தவர் வார்லிகளை இயற்கையோடு ஒன்றிய எளிய மக்கள் என்று போற்றிவிட்டு நகர்ந்துவிடுவார். போராட்ட நூலை மட்டும் படித்தவருக்கு அவர்கள் கொத்தடிமைகளாக மட்டுமே தெரிவார்கள். அவர்களுக்கென ஒரு தெய்வமும் ஒரு பாட்டும் பெண்கள் கையில் இருந்த ஒரு சடங்கும் உண்டு என்பது தெரியாமற்போகும்.

1945 ஜனவரியில் டிட்வாலாவில் நடந்த மகாராஷ்டிர கிசான் சபா மாநாட்டுக்கு வந்த வார்லிகள் மிகச் சிலரே. அதே ஆண்டு மே மாதம் ஜரி கிராமத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு, வெட்டி வேலைக்கும் லக்னகடிக்கும் முடிவு கட்டுவதாக உறுதி ஏற்றனர். அக்டோபரில், புல்வெட்டும் வேலைக்குக் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின் போது, தல்வாடாவில் கூடியிருந்தவர்கள் மீது போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். ஜேட்யா காங்கட் உள்ளிட்ட ஐவர் வீழ்ந்தனர். கோதாவரியின் நடை அலங்காரம் அற்றது. போகிற வழியில் தாம் செய்த பிழைகளையும், மக்கள் தம்மைத் திருத்திய இடங்களையும் அவர் மறைக்கவில்லை. ஊழியர்கள் படிக்க வேண்டிய நூல் எது என்று கேட்டால், இயக்க வரலாற்று நூல்கள் பலவற்றுக்கும் முன்னதாக இதைச் சொல்லலாம்.

ஓவியத்தின் பின்கதையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1970களின் தொடக்கத்தில் அரசின் கைவினைத் துறை சார்பில் வந்தவர்கள் காகிதத்தையும் வண்ணத்தையும் கொடுத்தபோது, சுவரில் இருந்த ஓவியம் விற்பனைப் பொருளாயிற்று. கஞ்சாட் கிராமத்தின் ஜிவ்யா சோமா மாஷே உலகப் புகழ் பெற்றார். 2011இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அவர் மாபெரும் கலைஞர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பெண்களின் கையிலிருந்த சடங்குக் கலை, பணம் வரத் தொடங்கியதும் பெரும்பாலும் ஆண்களின் தொழிலானது என்பதும் உண்மை. கலை சரக்காக மாறும்போது அதன் உரிமை யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அடுத்து, ஓவியர்களே எழுதிய இரண்டு நூல்கள். 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் மடிந்தனர் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. அந்த நவம்பரில் சித்தபிரசாத் என்னும் இளம் ஓவியர் மிதுனபுரி மாவட்டத்தின் ஊர்களில் சுற்றினார். முந்தைய ஆண்டின் புயலாலும் வெள்ளத்தாலும் ஏற்கெனவே சிதைந்திருந்த மாவட்டம் அது. கண்டவற்றைக் கறுப்பு மையில் வரைந்தார். வரைந்ததோடு நிற்கவில்லை; படத்தில் இருப்பவரின் பெயர், ஊர், முன்பு செய்த தொழில், குடும்பத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற விவரங்களையும் குறித்துவைத்தார். அவை ‘பசித்த வங்கம்’ என்னும் பொருள்படும் சிறுநூலாக வந்தன. பிரிட்டிஷ் அரசு அச்சிட்ட 5,000 படிகளைப் பறிமுதல் செய்து எரித்தது. தப்பிய ஒரு படியைக் கொண்டு 2011இல் தில்லியின் ஓவியக்கூடம் ஒன்று மறுபதிப்பு வெளியிட்டது.

பஞ்சத்தின் புள்ளிவிவரங்களைப் படித்தவர்களும் இந்நூலைப் பார்க்க வேண்டும். எலும்பும் தோலுமான உடலை வரைவது அப்போது பலரும் செய்ததே. சித்தபிரசாத்தின் சிறப்பு அவர் அந்த உடலுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்ததில் இருக்கிறது. பட்டினிச் சாவு என்ற சொல்லுக்குள் மறைந்துவிடுபவர் நேற்றுவரை மீனவராகவோ குயவராகவோ ஓர் ஊரில் வாழ்ந்தவர் என்பது அந்தக் குறிப்புகளால் நிலைத்தது. இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கட்சியின் சுவரொட்டிகளுக்கும் இதழ்களுக்கும் இரவுபகலாக வரைந்த இக்கலைஞர் 1940களின் இறுதியில் கட்சியிலிருந்து விலகி, மும்பையின் அந்தேரியில் வறுமையிலும் தனிமையிலும் வாழ்ந்தார். லினோ அச்சுகளையும் குழந்தைகளுக்கான பொம்மலாட்டத்தையும் துணையாகக் கொண்டிருந்தார். 1978இல் மறைந்தார். கலைஞர்களைப் போற்றுவதில் இயக்கத்திற்கு இருந்த ஆர்வம், அவர்களைக் காப்பதில் இருந்ததில்லை.

சோமநாத் ஹோர் எழுதிய ‘தேபாகா நாட்குறிப்பு’ வேறு மனநிலையைக் கொண்டது. விளைச்சலில் பாதியை ஜோத்தேதாருக்குக் கொடுத்துவந்த குத்தகை விவசாயிகள், இனி மூன்றில் இரண்டு பங்கு எங்களுக்கே என்று எழுந்த இயக்கம் தேபாகா. அதைப் பதிவு செய்யக் கட்சி நாளேடான ‘சுவாதீனதா’வின் சார்பில் 1946 டிசம்பரில் 25 வயது ஹோர் ரங்பூருக்கு அனுப்பப்பட்டார். அறுத்த நெல்லை ஜோத்தேதாரின் களத்துக்குக் கொண்டுபோகாமல் தங்கள் களத்திலேயே அடித்துக் குவிப்பது, விளக்கொளியில் நடக்கும் இரவுக் கூட்டம், புகைபிடித்தபடி தூங்கிப்போன முதியவர், கையில் கழியோடு காவல் நிற்கும் இளைஞன் எனப் பக்கத்துக்குப் பக்கம் கோட்டோவியங்கள். இடையிடையே எளிய குறிப்புகள். சித்தபிரசாத்தின் ஏட்டில் மக்கள் தரையில் கிடக்கிறார்கள். மூன்றாண்டுகளுக்குப் பின் ஹோரின் ஏட்டில் அதே வங்கத்து விவசாயிகள் எழுந்து நிற்கிறார்கள். 1990இல் கொல்கத்தாவின் சீகல் பதிப்பகம் இதன் ஆங்கில வடிவத்தை வெளியிட்டது. அளவில் சிறியது, ஒரு மாலையில் படித்துவிடலாம்.

கலையிலிருந்து நாட்டார் வழக்காற்றுக்கும் வரலாற்றுக்கும் செல்லும் வழியில் நிற்பவர் தாமோதர் தர்மானந்த கோசாம்பி. கோவாவில் 1907இல் பிறந்து, ஹார்வர்டில் பயின்று, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய கணித அறிஞர் அவர். பழங்கால முத்திரை நாணயங்களைப் பல்லாயிரக்கணக்கில் நுண்தராசில் எடைபோட்டார். கைமாறக் கைமாற நாணயம் தேயும். தேய்மானத்தின் அளவைக் கொண்டு அது எவ்வளவு காலம் புழங்கியது என்று கணக்கிடலாம் என்பது அவர் கருத்து. மன்னர் பட்டியல்களையும் புராணங்களையும் நம்பியிருந்த வரலாற்று ஆய்வில் புள்ளியியல் நுழைந்தது இப்படித்தான். 1956இல் வெளிவந்த ‘இந்திய வரலாற்று ஆய்வுக்கு ஓர் அறிமுகம்’ பல தோழர்கள் பெயரளவிலேனும் அறிந்த நூல். ஆனால் கிளை நூலகத்துக்கு அதைவிடப் பொருத்தமானது 1962இல் வந்த ‘தொன்மமும் உண்மையும்’. ஐந்தே கட்டுரைகள்.

அவற்றுள் ஒன்று தாய்த்தெய்வ வழிபாட்டைப் பற்றியது. ‘மிருச்சகடிகம்’ என்னும் வடமொழி நாடகத்தில், வறுமையுற்ற சாருதத்தன் தன் நண்பனை அழைத்து, நாற்சந்திக்குப் போய் அன்னையருக்குப் படையலிட்டு வரும்படி சொல்லும் ஒரு சிறு இடம் உண்டு. படிப்பவர் கடந்துபோகும் இடம். ஏன் நாற்சந்தியில் என்று கோசாம்பி கேட்டார். விடை தேடி நூலகத்துக்கு மட்டும் போகவில்லை. பூனாவைச் சுற்றியுள்ள குன்றுகளில் கைத்தடியோடு ஏறி இறங்கினார். செந்தூரம் பூசிய வெறுங்கல்லாக ஊருக்கு வெளியே நிற்கும் பெண்தெய்வங்கள் பலவற்றைக் கண்டார். அவற்றின் அருகே மண்ணில் கற்காலச் சிறுகருவிகள் கிடந்தன. ஊர் தோன்றுவதற்கும் உழவு தோன்றுவதற்கும் முன்பு, மந்தையோடும் வேட்டையோடும் பருவந்தோறும் இடம்பெயர்ந்த கூட்டங்களின் தடங்கள் சந்தித்த இடங்களே அவை என்ற முடிவுக்கு வந்தார். பண்டர்பூருக்குச் செல்லும் வார்க்கரி யாத்திரையின் பாதையிலும் அந்தப் பழைய இடப்பெயர்வின் சுவடு இருக்கிறது என்பது இன்னொரு கட்டுரையில் அவர் முன்வைக்கும் கருத்து.

அந்தத் தெய்வங்களுக்குத் தொடக்கத்தில் கணவர் இல்லை. பிற்காலத்தில்தான் மணம் செய்து வைக்கப்பட்டனர். எருமைத் தெய்வமான மசோபாவை ஓர் ஊரில் தேவி மணந்திருக்கிறாள். வேறிடத்தில் அதே எருமையை மகிஷாசுரனாக்கிக் கொல்கிறாள். இரு கூட்டங்கள் சேர்ந்தபோது திருமணம், மோதியபோது வதம் எனக் கோசாம்பி இதைப் படிக்கிறார். இந்த விளக்கத்தை எல்லா இடத்துக்கும் அப்படியே பொருத்துவதில் சிக்கல் உண்டு. எனினும் இதைப் படித்தவர் தம் ஊர் எல்லையில் நிற்கும் கல்லை அதன்பின் வேறு கண்ணோடு பார்ப்பார். அந்தக் கல்லுக்குத் தகரக் கூரை வேய்ந்து, வடமொழிப் பெயர் எழுதிய பலகை மாட்டும் வேலை இன்று நாடெங்கும் நடக்கிறது. அதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கும் தோழருக்கும், பலகை மாட்டுபவருக்கும், அந்தக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதே உண்மை நிலை.

கோசாம்பி கட்சி உறுப்பினர் அல்லர். எஸ்.ஏ. டாங்கே பண்டைய இந்தியாவைப் பற்றி எழுதிய நூலை 1949இல் கடுமையாக விமர்சித்தார். கட்சி வட்டத்து அறிஞர்களை ‘அதிகாரபூர்வ மார்க்சியர்’ என்று கேலியும் செய்தார். இதனால் வெகுகாலம் கட்சி அலமாரிகளில் அவருக்குரிய இடம் கிடைக்கவில்லை. அவருடைய குத்தல் பல இடங்களில் மிகை. ஆனால் ஆதாரத்தைத் தேடிப் போகாமல் முடிவை முன்கூட்டியே வைத்துக்கொண்டு எழுதுவது மார்க்சியம் ஆகாது என்று அவர் சொன்னதை மறுக்க இயலாது.

அறிவியல் நூல்களுக்கு வருவோம். 2014 அக்டோபரில் மும்பையில் ஒரு மருத்துவமனை நிகழ்ச்சியில் பேசிய நாட்டின் பிரதமர், விநாயகரின் யானைத்தலையைப் பண்டைய பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சைக்குச் சான்றாகக் காட்டினார். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர். சிரிப்பதோடு நின்றால், மறுபக்கத்தில் உள்ள உண்மையான வரலாறும் கைநழுவிவிடும். சுசுருதர் பெயரிலுள்ள நூலில் அறுந்த மூக்கைச் சீரமைக்கும் முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. பிணத்தை ஓடும் நீரில் ஊறவைத்து, தோலை அடுக்கடுக்காக நீக்கி, உள்ளுறுப்புகளைக் கண்ணால் கண்டு கற்க வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது. இதுதான் பெருமைக்குரியது, யானைத்தலை அன்று.

அப்படியானால் அந்த மருத்துவம் ஏன் வளராமல் தேங்கியது? தேவிபிரசாத் சட்டோபாத்யாய 1977இல் எழுதிய ‘பண்டைய இந்தியாவில் அறிவியலும் சமூகமும்’ இந்தக் கேள்விக்கே எழுதப்பட்டது. ‘லோகாயதம்’ என்னும் அவருடைய 1959ஆம் ஆண்டு நூலைப் பலர் அறிவர். இது அதைவிடப் படிக்க எளிது. சரகர் பெயரிலுள்ள நூல், தெய்வத்தைச் சார்ந்த சிகிச்சையிலிருந்து யுக்தியைச் சார்ந்த சிகிச்சையைப் பிரித்துக் காட்டுகிறது. நோயாளிக்குத் தேவையென்றால் மாட்டிறைச்சியையும் பரிந்துரைக்கிறது. சாதி பார்த்துத் தொடாமலிருக்க மருத்துவரால் முடியாது. காட்டில் மூலிகை அறிந்த ஆயர்களிடமும் வேடர்களிடமும் அவர் கற்றாக வேண்டும். மனுஸ்மிருதியோ மருத்துவர் தரும் உணவை உண்ணலாகாது என்று விதித்து, அவரைத் தீட்டுக்குரியவராக்கியது. கையால் தொட்டு அறியும் அறிவை இழிவென்று அறிவித்த சமூகத்தில் அறிவியல் எப்படி வளரும் என்பதே தேவிபிரசாத்தின் வாதம். மருத்துவ நூல்களில் உள்ள பக்திப் பகுதிகள் யாவும் வைதிகத்தாரைச் சமாதானப்படுத்தச் சேர்க்கப்பட்டவையே என்று அவர் உறுதிபடச் சொல்வதை வரலாற்று அறிஞர் எல்லோரும் ஏற்பதில்லை. இந்த இடத்தில் அவர் சற்றே அவசரப்படுகிறார் எனலாம்.

இதனோடு இணைத்துச் சொல்லத்தக்க ஒரு செய்தி உண்டு. ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரின் அறுபட்ட மூக்கு, நெற்றித் தோலைக் கொண்டு சீரமைக்கப்பட்ட செய்தியை 1794இல் லண்டன் இதழொன்று படத்துடன் வெளியிட்டது. ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் அதைப் பார்த்தே அம்முறையைப் பின்பற்ற முனைந்தனர். பூனாவுக்கு அருகே அந்தச் சிகிச்சையைச் செய்தவர் வேதம் ஓதிய பண்டிதர் அல்லர். செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர். அவர் பெயர்கூட அச்செய்தியில் இடம்பெறவில்லை.

எளிய அறிவியல் நூல்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளேடான ‘டெய்லி ஒர்க்கர்’ இதழில் தொழிலாளர்களுக்காக நூற்றுக்கணக்கான அறிவியல் கட்டுரைகள் எழுதிய மரபியல் அறிஞர். ‘எல்லாவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு’ என்னும் பொருள்படும் அவருடைய 1951ஆம் ஆண்டுத் தொகுப்பு எந்த அலமாரிக்கும் அழகு சேர்க்கும். உயிரினங்களின் உடலளவைப் பற்றி அவர் 1926இல் எழுதிய கட்டுரையும் புகழ்பெற்றது. ஆழமான சுரங்கக் குழியில் விழுந்த சுண்டெலி எழுந்து ஓடிவிடும், மனிதன் பிழைக்க மாட்டான், குதிரை சிதறிவிடும் என்று தொடங்கி, எடைக்கும் உடற்பரப்புக்கும் உள்ள விகிதத்தை அவர் விளக்கும் முறையைக் கற்றுக்கொள்வது பொதுக்கூட்டப் பேச்சாளர்களுக்கும் பயன்படும். லைசென்கோவின் பிழையான மரபியலைக் கட்சிகள் ஆதரித்த காலத்தில் அவர் சங்கடத்துக்கு உள்ளாகி, கட்சியிலிருந்து விலகினார். அந்த வரலாற்றையும் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். அறிவியல் உண்மையைத் தீர்மானத்தால் முடிவு செய்ய முற்பட்டதன் விலை அது.

ஹால்டேன் 1957இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தார். பின்னர் இந்தியக் குடியுரிமையும் பெற்றார். விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று புலம்பிய மாணவர்களிடம், கண்ணும் பொறுமையும் போதும் என்று காட்டினார். அவருடன் இருந்தவர்களில் ஒருவர் பவளமல்லிப் பூக்களின் இதழ்களை ஆயிரக்கணக்கில் எண்ணினார். இன்னொருவர் தென்னை மரத்தின் ஓலைகள் இடப்பக்கமாகச் சுழல்கின்றனவா வலப்பக்கமாகவா என்று தோப்புத் தோப்பாகப் பார்த்துக் குறித்தார். இரண்டும் அறிவியல் இதழ்களில் ஆய்வுக் கட்டுரைகளாயின. 1964இல் புவனேசுவரத்தில் இறந்தபோது, தம் உடலைக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் படிப்புக்கு எழுதிவைத்திருந்தார். மாஸ்கோவின் மீர், முன்னேற்றப் பதிப்பகங்கள் வழியாக மலிவு விலையில் வந்த சோவியத் அறிவியல் நூல்களையும் பலர் நினைவிற் கொண்டிருப்பர். அவை பழைய புத்தகக் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. கண்டால் வாங்கிவிட வேண்டும்.

வெரியர் எல்வின் 1942இல் எழுதிய ‘அகாரியா’ என்னும் நூல் அறிவியலா, நாட்டார் வழக்காறா என்று பிரிக்க முடியாத ஒன்று. மத்திய இந்தியாவில் மண்ணுலை கட்டி இரும்பு உருக்கி வாழ்ந்த ஆதிவாசிகள் அகாரியர். இரும்புக்கு லோகாசுரன், கரிக்குக் கோயிலாசுரன், நெருப்புக்கு அக்கினியாசுரன் என அவர்களின் தெய்வங்கள் எல்லாம் அசுரர்கள். அவர்களின் தொல்கதையில் சூரியன் பகைவன். துருத்தியை மிதிக்கும் முறை, தாதுவைத் தேர்ந்தெடுக்கும் முறை, உலைக்கு முன் செய்யும் சடங்கு ஆகிய அனைத்தையும் எல்வின் ஒரே கவனத்தோடு பதிவு செய்கிறார். உலைக்கு விதித்த வரியாலும், ஆலை இரும்பின் போட்டியாலும் அந்தத் தொழில் எப்படி நலிந்தது என்பதையும் காட்டுகிறார். எல்வினிடம் ஆதிவாசி வாழ்க்கையைப் பொற்காலமாக வருணிக்கும் போக்கு உண்டு. எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். எனினும் தில்லியின் துருப்பிடிக்காத இரும்புத் தூணைக் காட்டிப் பழம்பெருமை பேசுவோர் ஒருவரும் இரும்பு உருக்கிய சாதிகளின் இன்றைய நிலையைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்களுக்கு மறுமொழி சொல்ல இந்நூல் வேண்டும்.

இங்கு குறிப்பிட்டவற்றுட் பல ஆங்கிலத்திலேயே படிக்க வேண்டியவை என்பது ஒரு தடைதான். கிளையில் ஆங்கிலம் அறிந்த தோழர் ஒருவர் படித்து, மற்றவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வது பழைய வழக்கம், அதைப் புதுப்பிக்கலாம். தமிழில் நேரடியாகப் படிக்க நா. வானமாமலை இருக்கிறார். நெல்லைச் சீமையின் நாங்குநேரியைச் சேர்ந்த அவர் 1969இல் ‘ஆராய்ச்சி’ என்னும் காலாண்டிதழைத் தொடங்கி நடத்தினார். கதைப்பாடல்கள் பலவற்றைப் பதிப்பித்தார். அவற்றுள் ‘முத்துப்பட்டன் கதை’யை மட்டும் இங்கே சொன்னால் போதும். பிராமணனான முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்துப் பொம்மக்காள், திம்மக்காள் என்னும் சகோதரிகளை மணந்து, செருப்புத் தைத்து, மாட்டுக்கிடை காத்துச் செத்த கதை அது. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள் என்றும், காட்டில் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்றும் பிற்காலத்தில் கதை திருத்தப்பட்டது. பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு, அந்தத் திருத்தம் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை வானமாமலை வெளிப்படுத்தினார். மசோபாவுக்கு நேர்ந்ததும் முத்துப்பட்டனின் மனைவியருக்கு நேர்ந்ததும் ஒன்றே என்பதைக் கோசாம்பியைப் படித்த பின் இதைப் படிப்பவர் எளிதில் உணர்வார்.

வானமாமலை 1964இல் நியூ செஞ்சுரி வழியாக வெளியிட்ட ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்புக்குப் பாடல்களைத் திரட்டித் தந்தவர்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்லர். கு. சின்னப்ப பாரதி, எஸ்.எஸ். போத்தையா முதலிய இயக்க ஊழியர்களும் ஆசிரியர்களும் திரட்டினார்கள். சங்க வேலைக்குப் போன ஊரில், கூட்டம் முடிந்து, நடவு வயலிலும் ஏற்றக் கிணற்றடியிலும் அவர்கள் கேட்டு எழுதிவந்த பாடல்கள் அவை. தாலாட்டு, ஒப்பாரி, தொழிற்பாட்டு என ஒவ்வொன்றும் திரட்டியவர் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் அதில் அச்சாகியிருக்கிறது.